பொன்னாடைக்குப் பஞ்சமில்லை!

தோழனே!

டிசம்பர்த் திங்கள் மூன்றாம் நாள் பிறந்துவிட்டால், மாவட்டத் தலைநகர்தோறும் ஒரு மண்டபம் தோரணம் கட்டிக்கொள்ளும். ஐக்கிய நாடுகள் அவை 1992ஆம் ஆண்டிலே அறிவித்த உலக மாற்றுத்திறனாளிகள் நாள் அது. ஒலிபெருக்கி முழங்கும், மாலைகள் மணக்கும், பிள்ளைகள் ஆடுவர், பாடுவர். பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை மேடைக்கு அழைப்பர். தோளிலே பொன்னாடை விழும். "தியாகச் சுடரே!" என்பார் ஒருவர். "தாயினும் மேலான தாயே!" என்பார் மற்றொருவர். "இது வேலையன்று, வேள்வி!" என்று மூன்றாமவர் முத்தாய்ப்பு வைப்பார். கையொலி கூரையைத் தொடும்.

மறுநாள் காலை, பொன்னாடையைப் பெட்டியிலே மடித்து வைத்துவிட்டு, அந்த ஆசிரியர் பேருந்து நிறுத்தத்திலே நிற்பார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்தப் பெயரில் எந்தப் பணியில் சேர்ந்தாரோ, அதே பெயர், அதே பணி. அன்று அவரோடு ஒன்றாகப் படித்து, பொதுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் போய்ச் சேர்ந்த தோழி இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கக்கூடும். இவர் மட்டும் சேர்ந்த படியிலேயே நிற்கிறார். ஏறத் தெரியாமல் அல்ல; இரண்டாவது படி என்று ஒன்றை எவரும் கட்டவில்லை!

நான் மேடையிலே பேசிப் பிழைப்பவன், தோழனே. சொல்லின் எடை எனக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியர் பணியை எவரேனும் வேள்வி என்று வருணிக்கக் கேட்டதுண்டா? கருவூல அதிகாரியைத் தியாகச் சுடர் என்று போற்றிக் கேட்டதுண்டா? பொதுப்பணித் துறைப் பொறியாளருக்குத் தாயினும் மேலானவர் என்ற விருது தந்ததுண்டா? இல்லை. அவர்களுக்கு ஊதிய விகிதம் இருக்கிறது, ஆண்டு உயர்வு இருக்கிறது, அடுத்த பதவி இருக்கிறது. ஆகவே அடைமொழி தேவைப்படவில்லை. எவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லையோ அவருக்குத்தான் இந்நாட்டில் அடைமொழி தாராளமாகக் கிடைக்கிறது.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாப் பிள்ளைக்கு ஆறு புள்ளியால் தமிழ் கற்பிப்பவர். செவி கேளாப் பிள்ளைக்குச் சைகையால் உலகைத் திறந்து காட்டுபவர். மூளை வளர்ச்சிக் குறைபாடும், பெருமூளை வாதமும், புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று நம்மவர் பெயரிட்ட ஆட்டிசமும் கொண்ட பிள்ளைகளோடு பகலெல்லாம் பழகுபவர். அரசு ஏடுகளிலே இவர்களுக்குச் சிறப்புப் பயிற்றுநர் என்று பெயர். பெயரிலேயே ஒரு குழப்பம் பார்: ஓவியம், தையல், உடற்பயிற்சி கற்பிப்பவரைச் சிறப்பாசிரியர் என்கிறோம், இவரையும் ஊரார் அப்படியே அழைக்கிறார்கள். "என்ன பாடம் நடத்துகிறீர்கள், தையலா?" என்று கேட்போர்க்கு விளக்கிச் சொல்லியே பாதிப் பணிக்காலம் போய்விடுகிறது என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து பாடம் நடத்துபவர்கள் அல்லர். வட்டார வள மையம் ஒன்று; அதைச் சுற்றிப் பல பள்ளிகள். இன்று இந்தப் பள்ளி, நாளை அடுத்த பள்ளி. பள்ளிக்கு வர இயலாமல் படுக்கையிலே கிடக்கும் பிள்ளையின் வீடு தேடிப் போகும் நாள் ஒன்று. மருத்துவ முகாம் நடத்த வேண்டும். அடையாள அட்டைக்கு எழுத வேண்டும். சக்கர நாற்காலிக்கும் காது கேட்கும் கருவிக்கும் அளவெடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளையின் பயணப் படிக்கும் துணைக்கு வருவோர் படிக்கும் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் தீட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவிலே கிடைக்கின்ற நேரத்தில் கற்பிக்கவும் வேண்டும்!

கற்பித்தல் என்றால் என்னவென்று எண்ணுகிறாய்? ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை மனத்திலே நிறுத்திக்கொள். பெருமூளை வாதம் அவன் கையை மடக்கி வைத்திருக்கிறது. எழுதுகோலைப் பிடிக்க அவன் விரல் இசைய வேண்டும். முதல் மாதம், ஆசிரியரின் கையைத் தொட அவன் அஞ்சுகிறான். இரண்டாம் மாதம், நாற்காலியிலே சாயாமல் அமரப் பழகுகிறான். அடுத்து வரும் மாதங்களில் களிமண்ணைப் பிசைகிறான், மணியைக் கோக்கிறான், கோத்த மணி சிதறுகிறது, மறுபடி கோக்கிறான். எத்தனையோ நாள் கழித்து ஒரு காலைப் பொழுதில், துணி சுற்றித் தடிமனாக்கிய எழுதுகோலைப் பிடித்து ஒரு கோடு இழுக்கிறான். வளைந்த கோடு. அந்தக் கோட்டின் விலை என்ன? ஓர் ஆண்டுக் காலப் பொறுமை, அந்தப் பிள்ளையின் உடலைப் படித்தறிந்த அறிவு, எப்போது நெருங்க வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று பயின்று பெற்ற பக்குவம். இதற்குப் பெயர் கருணை அன்று, தோழனே. இதற்குப் பெயர் தொழில்நுட்பம்! அறுவை மருத்துவரின் கையிலே இருப்பதைப் போன்ற ஒரு தொழில்நுட்பம். கருணை மட்டும் போதுமென்றால் அந்தப் பிள்ளையின் தாயிடமே அது மலைபோல இருக்கிறதே!

இது தொழில்நுட்பம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. 1992ஆம் ஆண்டிலே நாடாளுமன்றம் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தை இயற்றியது. மன்றம் ஏற்ற பட்டயமோ பட்டமோ பெற்று, மன்றத்தின் பதிவேட்டிலே பெயர் எழுதிக்கொண்டவர்தாம் இந்தப் பணியைச் செய்யலாம். பதிவின்றிச் செய்தால்? ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டுமே! பதிவை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வியில் மதிப்பெண் திரட்டிக் காட்ட வேண்டும். தகுதியில்லாதவன் செய்தால் சிறை என்று எழுதத் தெரிந்த கைக்கு, தகுதியுள்ளவர் பத்தாண்டு செய்தால் இந்தப் பதவி, இருபதாண்டு செய்தால் இந்தப் பதவி என்று எழுதத் தெரியவில்லை. தண்டிக்க விதி உண்டு. உயர்த்த விதி இல்லை.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். பட்டம் இல்லாத எனக்கு இயக்கம் மேடை தந்தது, ஏட்டிலே இடம் தந்தது. நாடகம் எழுதினால் ஊர்கூடிப் பார்க்கிறது. கிளைக் கூட்டத்திலே பேசத் தொடங்கியவன் மாவட்ட மாநாட்டிலே பேசுகிறேன். அதாவது, பட்டமில்லாத எனக்கே ஏறுவதற்குப் படிகள் இருந்தன. பட்டமும் பெற்று, பதிவெண்ணும் பெற்று, ஐந்தாண்டுக்கொரு முறை தன் தகுதியைத் திரும்பத் திரும்ப மெய்ப்பித்துக் காட்டுகிற ஒருவருக்குப் படிகள் இல்லையென்றால், எனக்கு உறுத்தாதா?

பொதுப் பள்ளி ஆசிரியர்களைப் பார். இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிறார். பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிறார். அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று பாதை நீள்கிறது. பதவி உயர்வு தாமதமானாலும் பத்தாண்டு முடித்தவருக்குத் தேர்வுநிலை, இருபதாண்டு முடித்தவருக்குச் சிறப்புநிலை. அந்த ஏணியிலும் உடைந்த படிகள் உண்டு, வழக்குகள் உண்டு, முன்னுரிமைப் பட்டியல் சண்டைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆயினும் ஏணி என்று ஒன்று இருக்கிறது. அதிலே ஏற அவர்கள் போராடிப் பெற்ற உரிமையும் இருக்கிறது. பார்வையற்றோர்க்கும் செவித்திறன் குறைந்தோர்க்கும் அரசு நடத்தும் சிறப்புப் பள்ளிகளிலும் நிலையான பணியிடமும் தலைமையாசிரியர் நாற்காலியும் உண்டு. ஆனால் அந்தப் பள்ளிகள் எத்தனை? ஊர்தோறும் பொதுப் பள்ளியிலே பயிலும் மாற்றுத்திறன் பிள்ளைகளைத் தேடிச் செல்லும் பயிற்றுநர்களுக்கு நாட்டின் பல மாநிலங்களும் தந்தது தொகுப்பூதியம், ஒப்பந்தம், ஆண்டுதோறும் நீட்டிப்பு. இவ்வளவே.

"அவர்களுக்கு உயர்வு இல்லையென்றால் நட்டம் அவர்களுக்குத்தானே?" என்று கேட்பவன் உண்டு. அவனுக்குச் சொல்: நட்டம் அந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு! எட்டாண்டு, பத்தாண்டு பணியாற்றிக் கைதேர்ந்தவர் ஒரு நாள் கணக்குப் போடுகிறார். வீட்டு வாடகை, பிள்ளை படிப்பு, பெற்றோர் மருத்துவம். வெளியே தனியார் பயிற்சி நிலையம் அழைக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக் கற்பிக்கலாம். அல்லது பொதுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதி, இந்தப் பணியையே மறந்துவிடலாம். போகிறார். போனதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர் போனதும் என்ன ஆகிறது? புதிதாக ஒருவர் வருகிறார். சிறுவன் அவர் கையைத் தொட அஞ்சுகிறான். மீண்டும் முதல் மாதம்! ஏழை வீட்டு மாற்றுத்திறன் பிள்ளை கற்றுக்குட்டிகளின் பயிற்சிக்களமாக இருக்கிறான். கைதேர்ந்தவர் பணம் படைத்தவன் வீட்டுக் கூடத்துக்குப் போய்விடுகிறார். சமத்துவம் பேசும் நாம் இதைக் கண்டும் காணாமல் இருக்கலாமா?

நாடகக்காரன் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லரின் கதையை அறியாதவர் இல்லை. 1887 மார்ச்சிலே இருபது வயது இளம்பெண் ஆன் சல்லிவன் அலபாமா மாநிலத்து வீட்டுக்கு வந்தார். ஒரு மாதத்துக்குப் பின், நீரிறைக்கும் குழாயடியில் சிறுமியின் ஒரு கையில் தண்ணீரை ஓடவிட்டு, மறு கையிலே அந்தச் சொல்லின் எழுத்துகளை எழுதிக் காட்டினார். சிறுமிக்கு மொழி பிறந்தது. வில்லியம் கிப்சன் அதையே நாடகமாக்கி 1959ஆம் ஆண்டில் பிராட்வே மேடையேற்றினார். குழாயடிக் காட்சியிலே அரங்கம் கண்ணீர் விட்டது. எந்த நாடகாசிரியனும் அங்கேதான் உச்சத்தை வைப்பான். நானும் அங்கேதான் வைப்பேன்.

ஆனால் திரை விழுந்த பிறகு அந்த ஆசிரியை எப்படிப் பிழைத்தார்? உலகம் போற்றிய அந்த ஆசிரியையும், கல்லூரிப் பட்டம் பெற்றுப் புகழ் கொண்ட அந்த மாணவியும், 1920ஆம் ஆண்டு தொடங்கி நான்காண்டுக் காலம், கழைக்கூத்தாடிகளும் கோமாளிகளும் தோன்றும் வாடவில் என்னும் கதம்பக் காட்சி மேடைகளில் ஏறி, இருபது நிமிட நிகழ்ச்சி நடத்திச் சம்பாதித்தார்கள். ஹெலனுக்கு அந்த மேடை பிடித்திருந்தது, ஆசிரியைக்குப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே நோயுற்ற அவருடைய கண்களை மேடை விளக்கு வாட்டியது. உலகத்திலேயே பெயர் பெற்ற சிறப்புக் கல்வி ஆசிரியர்! அவருக்கே முதுமைக்கு ஒரு பணிப் பாதுகாப்பு இல்லை. குழாயடிக் காட்சிக்குக் கண்ணீர் விட்டவர்கள், அடுத்த அங்கத்தை எழுதும்படி எவரையும் கேட்கவில்லை. இங்கும் அதே கதைதான் நடக்கிறது.

நம் நாட்டிலே இந்தப் பணி முளைத்த விதத்தைப் பார்த்தால் நோயின் வேர் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பாளையங்கோட்டையில் கிறித்தவத் தொண்டர்கள் பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் பள்ளி கண்டார்கள். அரசு எட்டிப் பார்க்காத நாளில் அவர்கள் செய்தது அரிய செயல். ஆனால் தொண்டர்கள் தொடங்கிய பணியைத் தொண்டர்கள் தலையிலேயே வைத்துவிட்டால் செலவில்லை என்று ஆட்சியாளர் கண்டுகொண்டனர். 1974ஆம் ஆண்டிலேதான் பொதுப் பள்ளியில் இப்பிள்ளைகளைச் சேர்க்க நடுவணரசு ஒரு திட்டம் வகுத்தது. திட்டம்! இந்தச் சொல்லைக் கவனி. பள்ளி என்பது நிலையானது. திட்டம் என்பது தவணை முறையில் வாழ்வது. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. இடைநிலைக் கல்விக்கு வேறொரு திட்டம் வந்தது. 2018இல் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பெயர்ப் பலகைக்குப் புது வண்ணம். பலகையின் கீழே நின்றவர் மட்டும் அதே ஒப்பந்தக்காரர். அவருடைய வேலை அடுத்த ஆண்டும் உண்டா என்பதை ஆண்டுதோறும் தில்லியிலே ஒரு வாரியம் கூடி ஒப்புதல் தர வேண்டும். வாழ்க்கையையே ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொள்ள வேண்டியவன் எந்த ஏணியைப் பற்றிக் கனவு காண்பான்?

அந்தத் திட்டத்தின் செலவில் நடுவணரசுக்கு அறுபது பங்கு, மாநிலத்துக்கு நாற்பது பங்கு. 2024-25ஆம் ஆண்டிலே என்ன நேர்ந்தது என்பதை மறந்திருக்க மாட்டாய். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழகம் கையொப்பமிடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். 2025ஆம் ஆண்டில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கைப் போரில் மாநிலத்தின் உரிமைக்காக நிற்பது நியாயமே; நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்களே, அதுபோல அந்தப் போரின் நடுவே சிக்கியவர்களில் இந்தப் பயிற்றுநர்களும் உண்டு. நிலையான அரசுப் பணியிடத்தில் இருப்பவரின் சம்பளத்தைத் தில்லி அசைக்க முடியாது. திட்டத்தில் தொங்குபவரின் சம்பளத்தைத் தில்லி தும்மினாலே அசைக்கலாம். ஆகவே மாநில உரிமை பேசுபவன், முதலில் இவர்களைத் திட்டத்திலிருந்து மீட்டு மாநிலப் பணியாளராக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு போராட்டங்கள் அல்ல.

அந்தத் தேசியக் கல்விக் கொள்கையைத்தான் பார். 2020ஆம் ஆண்டு வந்தது. ஆசிரியர்களைப் பற்றிய அதன் ஐந்தாம் அத்தியாயம் ஆசிரியரின் பணி முன்னேற்றத்தைப் பற்றி வாய் மணக்கப் பேசுகிறது. அதே அத்தியாயத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர் தேவை என்றும் ஒரு பத்தி உண்டு. அவர்களை எங்கிருந்து கொண்டுவருவதாம்? பாட ஆசிரியர்களுக்கே இரண்டாம் தகுதியாக இதையும் சேர்த்துவிடலாமாம். சான்றிதழ்ப் படிப்புகள் வைக்கலாமாம். முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ படிக்கலாமாம். எல்லா ஆசிரியருக்கும் இதில் ஓரளவு பயிற்சி வேண்டும் என்பது சரியே, வரவேற்கிறேன். ஆனால் துணைத் தகுதியாக ஒட்டவைத்த பயிற்சி, முழுத் தகுதி பெற்றவரின் இடத்தை நிரப்புமா? சமையற்காரருக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்துவிட்டு, மருத்துவமனை தேவையில்லை என்று அறிவிப்பாயா?

நீதிமன்றம் என்ன சொன்னது என்று கேட்பாய். உத்தரப் பிரதேசத்தில் ஒப்பந்தத்தில் பணியாற்றிய சிறப்புக் கல்வியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு என்று அதற்குப் பெயர். 2021 அக்டோபர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்து, நிலையான பணியிடங்களை உருவாக்குங்கள் என்றது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால், அறுபது குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்று இருக்கும். ஓவிய ஆசிரியர் உண்டு, உடற்கல்வி ஆசிரியர் உண்டு. சிறப்புக் கல்வி ஆசிரியர் என்ற சொல்லே கிடையாது! தீர்ப்புக்குப் பிறகு, 2022 செப்டம்பரில்தான் அந்த அட்டவணையைத் திருத்தினார்கள். தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலை வகுப்புகளில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர்.

எழுதினார்கள், எழுதியதோடு சரி. 2025 மார்ச் 7ஆம் நாள் அதே வழக்கு மீண்டும் வந்தபோது, மாநிலங்கள் பலவும் பணியிடங்களின் எண்ணிக்கையைக்கூட வரையறுக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டது. மூன்று வாரத்தில் அறிவியுங்கள் என்று ஆணையிட்டது. சிலர் ஏறத்தாழ இருபதாண்டுகளாக ஒப்பந்தத்திலும் நாட்கூலியிலும் உழைத்து வருவதைச் சுட்டிக்காட்டி, ஒரு குழு அமைத்து அவர்களுடைய தகுதியைச் சரிபார்த்து, தகுதியுடையோர்க்கு ஊதிய விகிதம் தரச் சொன்னது. நல்லது. ஆனால் அந்த ஊதியம் குழு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான். போன காலத்துக்கு நிலுவை இல்லை. இருபதாண்டு உழைப்பு கணக்கேட்டில் பூச்சியம்! நாற்பத்தைந்து வயதிலே ஒருவரை முதல் படியிலே நிறுத்தி, "இதோ உன் ஏணி, ஏறிக்கொள்" என்றால், ஓய்வு பெறுமுன் அவர் எத்தனை படி ஏறுவார்? ஆகவே நீதிமன்றம் பாதி வழி வந்தது. மீதி வழி ஆட்சியாளர் வர வேண்டும். அவர்கள் தாமாக வரமாட்டார்கள்.

ஒரு மறுப்பு வரும். "இந்தப் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுக்காகப் பணியிடம், பதவி வரிசை, இயக்குநர் அலுவலகம் என்று பெருக்க முடியுமா?" 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அன்று எண்ணப்பட்டவை எட்டு வகைக் குறைபாடுகள். 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டமோ இருபத்தொரு வகையை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதிலே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டமே ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கி, பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அமர்த்துவது அரசின் கடமை என்கிறது. உரிமையாக்கிய பிறகு தலையை எண்ணிப் பேரம் பேசுவதா?

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. அதற்கு விடை சொல்லியே தீர வேண்டும். "பதவி உயர்வு என்று வந்தால் நல்ல ஆசிரியர்களெல்லாம் அலுவலகத்துக்குப் போய்விடுவார்கள், பிள்ளையிடம் இருப்பவர் யார்?" மெய்தான். பொதுப் பள்ளிகளிலே நாம் கண்டதுதான் இது. அருமையாகக் கணக்குச் சொல்லித்தந்தவரைத் தலைமையாசிரியராக்கி, சத்துணவுக் கணக்குப் பார்க்க வைத்தோம். ஆகவே இங்கே இரட்டை ஏணி வேண்டும். ஒன்று, அலுவலகத்துக்குப் போவது: பள்ளிப் பயிற்றுநர், வட்டார ஒருங்கிணைப்பாளர், மாவட்ட அலுவலர், மாநிலத் துணை இயக்குநர். அந்த நாற்காலிகளிலே இந்தப் பணியைச் செய்து பழகியவர்களே அமர வேண்டும்; புள்ளி எழுத்தைத் தொட்டுப் பார்த்திராதவர் புள்ளி எழுத்து ஆசிரியரின் வேலையை அளக்கக் கூடாது. மற்றொன்று, பிள்ளையை விட்டு நகராமலே ஏறுவது: முதுநிலைப் பயிற்றுநர், வல்லுநர் பயிற்றுநர் என்று, பத்தாண்டிலும் இருபதாண்டிலும் ஊதியமும் தகுதிநிலையும் உயர வேண்டும். புதிதாக வருவோரைப் பழக்கும் பொறுப்பும் அவர்களிடமே இருக்க வேண்டும். குழந்தையோடு தரையிலே அமர்ந்திருப்பவர், கோப்போடு நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு ரூபாயும் குறையாமல் வாங்கினால், எவரும் ஓடமாட்டார்.

பயிற்றுநருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார், தோழனே. மேடைக்கு அவரை அழைப்பதுகூட இல்லை. மையத்திலே பிள்ளையைக் கழிப்பறைக்குத் தூக்கிச் செல்பவர், உடை மாற்றுபவர், சோறு ஊட்டுபவர். ஆயா என்கிறோம், உதவியாளர் என்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எப்போது வலிப்பு வரும், எந்தப் பிள்ளை எந்தச் சத்தத்துக்கு மிரளும் என்பது மருத்துவருக்கு முன்னே அவருக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டாண்டுக் காலமாகப் பிறர் கழிவைத் தொடும் வேலையை எவர் தலையிலே சுமத்தினார்களோ, அவர்கள் வீட்டுப் பெண்ணே இங்கும் அதே வேலைக்கு வருகிறார். படித்து முன்னேற வழியில்லையென்றால் இது வேலைவாய்ப்பு அன்று. பழைய வருணத்துக்குப் போட்ட புதிய சீருடை. அவருக்கு ஊதியத்தோடு விடுப்புத் தந்து, மறுவாழ்வு மன்றம் ஏற்ற இரண்டாண்டுப் பட்டயம் படிக்கவைக்க ஆகும் செலவென்ன? பள்ளியிறுதி முடித்த உதவியாளர் பட்டயம் பெற்றுப் பயிற்றுநராகி, பின்னர் பட்டம் பெற்று மேலே ஏறினால், இருபதாண்டுப் பட்டறிவு ஒரு காசுச் செலவில்லாமல் வகுப்பறைக்கு வந்து சேருமே! ஏணியின் அடிப்படி தரையைத் தொட வேண்டும். தரையிலிருந்து பத்தடி உயரத்திலே தொடங்கும் ஏணி யாருக்கு?

"தெய்வத்தின் குழந்தைகள்" என்று இப்பிள்ளைகளைச் சொல்லும் பழக்கமும் நிற்க வேண்டும். அன்பாகத்தான் சொல்கிறார்கள்; அறிவேன். ஆனால் தெய்வத்தின் குழந்தைகள் என்றால் பொறுப்பு தெய்வத்துக்குப் போய்விடுகிறது; ஆட்சி கைகழுவிக்கொள்கிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளிகள் என்று அழைத்து மதிப்புத் தந்தது தமிழ்நாடு. சொல்லிலே காட்டிய அந்தத் துணிவைச் சம்பளப் பட்டியலிலும் காட்டட்டும். இவர்கள் குடிமக்களின் குழந்தைகள். வாக்குச் சாவடியிலே வரிசையில் நின்ற தாயின் பிள்ளைகள்.

கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும் இந்தக் கோப்பு அதே அலமாரியில், அதே தூசியில்தான் கிடந்திருக்கிறது. மாற்றாரை மட்டும் சாடிவிட்டுப் போவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நம்மவர் ஊராட்சித் தலைவராக, ஒன்றியக் குழு உறுப்பினராக, சட்டமன்ற உறுப்பினராக இருக்கும் இடங்களும் உண்டல்லவா? அவர்களிடமும் கேள். கொள்கை வேறு, கோப்பு வேறு என்று அவர்கள் சொல்வார்களானால் அங்கேயே உட்கார்ந்துகொள்.

வரும் வாரத்திலே உன் ஒன்றியத்து வட்டார வள மையத்துக்கு ஒரு முறை போ. பொன்னாடை எடுத்துச் செல்லாதே. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். மாற்றுத்திறன் பிள்ளைகள் எத்தனை பேர், பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் எத்தனை பயிற்றுநர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். அங்குள்ளோர் எந்த ஆண்டு சேர்ந்தார்கள், இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள், சென்ற ஐந்தாண்டிலே எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் கேள். உதவியாளர் அம்மையாரிடமும் கேட்க மறந்துவிடாதே. அவர் பேசத் தயங்குவார், பொறுமையாக இரு. அந்தக் கணக்கை அடுத்த கிளைக் கூட்டத்திலே படி. ஒன்றியக் கூட்டத்துக்குத் தீர்மானமாகக் கொண்டுபோ. மாவட்ட மாநாட்டுக்கு முன் அது என் கைக்கு வந்தால், மேடையிலே எண்களோடு பேசுவேன்.